அம்மாவின் நோட்டுப் புத்தகமும் ஒரு 'சிறு மேம்பாடும்'

அம்மா போனில் அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிடும். அன்று வந்தது இது: "போன் கெட்டுப்போய்விட்டது. நான் எதையும் அழுத்தவில்லை." கெட்டுப்போன போனிலிருந்துதான் பேசுகிறார் என்பதைச் சுட்டிக்காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. மாலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போய்ப் பார்த்தால், முந்தைய இரவு போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. திரையின் அடியில் இருந்த முக்கோணம், வட்டம், சதுரம் மூன்றையும் காணவில்லை. அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று கிடந்தது. இனிமேல் பின்னால் போக வேண்டுமானால் திரையின் ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுக்க வேண்டும். முகப்புக்குப் போக அடியிலிருந்து மேலே தள்ள வேண்டும். விரல் நடுங்காதவர்களுக்கு இது வசதிதான். அம்மா இழுத்தபோது பாதி நேரம் வேறு ஏதோ திறந்துகொண்டது, மீதி நேரம் எதுவுமே அசையவில்லை.

சற்று விசாரித்ததில், எதையும் அழுத்தவில்லை என்பது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. காலையில் போனைக் கையில் எடுத்ததும் ஒரு அறிவிப்பு திரையை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அகலமான நீலப் பொத்தானில் "முயன்று பார்க்கவும்" என்றும், அதன் கீழே வெளிறிய சாம்பல் எழுத்தில் "இப்போது வேண்டாம்" என்றும் இருந்திருக்கிறது. கண்ணாடி போடாத கண்ணுக்கு நீலம் மட்டும் தெரிந்திருக்கிறது. அதை அழுத்தியதை அம்மா அழுத்தியதாகவே நினைக்கவில்லை. வழியை மறைத்து நின்ற ஒன்றை விலக்கினார், அவ்வளவுதான்.

பழைய மூன்று பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவர முடியும். அமைப்புகளுக்குள் போய், வழிசெலுத்தும் முறை என்பதைத் தேடி, மூன்று பொத்தான் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்ற அரை நிமிடம் போதும். அது எந்த உட்பிரிவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அம்மாவாக அதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடுவதற்கு?

என்னை அன்று உறுத்தியது பொத்தான் இல்லை, நோட்டுப் புத்தகம். அம்மாவிடம் கோடு போட்ட பழைய நோட்டு ஒன்று உண்டு. ஒரு வேலைக்கு ஒரு பக்கம். "சித்திக்கு வீடியோ கால்" என்று தலைப்பு. கீழே வரிசையாகப் படங்கள். பச்சைப் பெட்டி, அதற்குள் போன் குமிழ். அம்புக்குறி. பூதக்கண்ணாடி. மறுபடி அம்புக்குறி. சித்தியின் முகத்துக்குப் பதிலாக ஒரு கொண்டை. கடைசியில் கேமரா, அதன் அருகே "இரண்டு தடவை அழுத்தக் கூடாது" என்று அடிக்கோடிட்ட எச்சரிக்கை. பேனாவால், ஒரு வருடம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தப்பும் தவறுமாகப் பழகி எழுதிய புத்தகம் அது. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் "பின்னால் வர முக்கோணம்" என்று இருந்தது. ஒரே இரவில் எல்லாப் பக்கங்களின் கடைசி வரியும் பொய்யாகிவிட்டது.

ஒரு செயலியை மாற்றுகிறவர்கள் இந்த நோட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கவும் முடியாது, அது அவர்களுடைய எந்தப் பதிவிலும் இல்லை. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

சில வருடங்கள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தேன். புகார்களைப் படித்து, வகை பிரித்து, எண்ணிக்கையாக்கி மேலே அனுப்புவது வேலை. ஒரு முறை எங்கள் செயலியின் மேல்பட்டையைச் சுத்தம் செய்ய முடிவெடுத்தார்கள். கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார்கள்: எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று. 'அச்சிடு' என்ற பொத்தானின் பட்டை வரைபடத்தின் அடியில் தேய்ந்துபோன குச்சி மாதிரி இருந்தது. இந்தக் காலத்தில் யார் அச்சிடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார், சிரித்தோம், எடுத்துவிட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் வயதானவர் என்பது நடையிலேயே தெரிந்தது. முதலில் எங்கள் நலம் விசாரித்திருந்தார். அவருடைய மனைவிக்குக் கணினி பழக்கம் இல்லையாம். வாரத்துக்கு ஒருமுறை இவர் செயலியிலிருந்து அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவார். அதைப் பார்த்துத்தான் அவர் மருந்து சாப்பிடுவார். இப்போது பொத்தான் இல்லாததால் திரையைக் கேமராவில் படம் எடுத்து, அந்தப் படத்தை அச்சிடுகிறாராம். எழுத்து சரியாகத் தெரியவில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தார். படமும் இணைத்திருந்தார். சுவரில் ஒட்டிய தாளில் திரையின் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழுந்து நடுவில் மூன்று வரிகளை விழுங்கியிருந்தது.

எங்கள் வரைபடம் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே சிலர்தான் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். ஆனால் அது எத்தனை தடவை அழுத்தப்படுகிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அழுத்த முடியாமல் போனால் என்ன நின்றுபோகும் என்று தெரியாது. தீயணைப்புக் கருவியை எத்தனை பேர் தினமும் எடுக்கிறார்கள் என்று எண்ணினால் அதையும் சுவரிலிருந்து கழற்றிவிடலாம். அச்சிடும் பொத்தான் ஐந்து மாதம் கழித்து ஒரு பட்டியலுக்குள் திரும்பி வந்தது. நான் அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை, கணக்கை மூடிவிட்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு காலாண்டிலும் ஏதாவது மாறியாக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. ஒன்றையும் மாற்றாமல் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லி யாருக்கும் பதவி உயர்வு கிடைத்து நான் பார்த்ததில்லை. அதோடு, எந்த முடிவிலும் இன்னும் வராத பயனர்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்: புதிதாக வருபவருக்கு இது புரியுமா, அவர் தங்குவாரா? ஏழு வருடமாக இருப்பவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற நினைப்பு. அதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரியது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-ஐ வெளியிட்டபோது திரையின் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்தது. 1995 முதல் மக்களின் கை தானாகப் போய்க்கொண்டிருந்த மூலை அது. ஒரு வருடம் கழித்து 8.1 பதிப்பில் பொத்தான் மட்டும் திரும்பியது. அதை அழுத்தினால் விரியும் பழைய மாதிரிப் பட்டியல் திரும்ப 2015-இல் விண்டோஸ் 10 வரவேண்டியிருந்தது. சோனோஸ் என்ற ஒலிபெருக்கி நிறுவனம் 2024 மே மாதத்தில் தன் செயலியை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டது. அலாரம் வைப்பது, பாட்டு வரிசையைத் திருத்துவது போன்ற அன்றாட வசதிகளே முதல் பதிப்பில் இல்லை. பழைய செயலியைத் திரும்பக் கொடுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். முடியாது என்று நிறுவனம் சொன்னது, ஏனென்றால் செயலிக்குப் பின்னால் நிறுவனத்தின் பக்கம் ஓடும் கணினிகளான சர்வர்களும் மாறிவிட்டிருந்தன. தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவி விலகினார். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி அதே பெட்டிதான். வாங்கியபோது அது செய்த வேலையை ஒரு காலைப் பொழுதில் மறந்துவிட்டது.

இந்த சர்வர் விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான் அம்மாவுக்கு உதவும் முறையையே மாற்றினேன். முன்பெல்லாம் போனிலேயே வழி சொல்வேன். "மேலே வலது மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதை அழுத்துங்கள்." "இல்லை." "இருக்கும், நன்றாகப் பாருங்கள்." "இல்லை என்கிறேன்." எனக்குக் கோபம் வரும், அவருக்கு அழுகை வரும். ஒரு நாள் நேரில் போனேன். இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே செயலி, ஒரே பதிப்பு எண். என்னுடையதில் மூன்று புள்ளி இருந்தது. அம்மாவுடையதில் இல்லை.

காரணம் எளிது. நிறுவனங்கள் ஒரு மாற்றத்தை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. பயனர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பழைய திரை, இன்னொரு குழுவுக்குப் புதிய திரை என்று காட்டி, எந்தக் குழு அதிகம் அழுத்துகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். செயலியைப் புதுப்பிக்காமலே சர்வரிலிருந்து ஒரு சொடுக்கில் திரையை மாற்ற முடியும். வீடு நிறையப் பேர் ஒரே செயலியை வைத்திருந்தாலும் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு செயலி இருக்கலாம். அம்மாவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இத்தனை நாள் நான்தான் அவரை முட்டாளாக்கிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் இருந்தவனுக்கே இது உறைக்க இவ்வளவு காலம் ஆனது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது வழி சொல்வதற்கு முன் கேட்கிறேன்: "திரையில் என்ன தெரிகிறது, மேலிருந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள்." அல்லது திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அந்த ஒன்றை மட்டும் முதலில் பழக்கிவிட்டேன். நோட்டின் முதல் பக்கம் அதுதான். வீட்டில் பெரியவர்களுக்கு உதவுகிறவர்கள் வேறு எதைக் கற்றுக்கொடுப்பதற்கும் முன் இதைக் கற்றுக்கொடுங்கள். பாதிச் சண்டை குறையும்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் வசதியை வைத்துத்தான் எல்லாம் செய்கிறார், என்னைவிட வேகமாக. ஒரு செயலி புதுப்பிக்கப்பட்ட மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரலை வைத்து நகர்த்தினார். "பெயரிடப்படாத பொத்தான்," என்றது போன். அடுத்தது. "பெயரிடப்படாத பொத்தான்." அடுத்தது. "பெயரிடப்படாத பொத்தான்." எழுத்துகளை எடுத்துவிட்டு அழகான சின்னங்களை வைத்த யாரோ, அந்தச் சின்னங்களுக்குப் பெயர் எழுத மறந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டிய வேலை. நண்பர் சிரித்தார். ஐந்து பொத்தான், எதை அழுத்தினால் பணம் போகும் என்று தெரியவில்லை, நீயே சொல் என்றார். அந்தச் செயலியைச் சரிசெய்யும் வரை நான் அவருடைய கண்ணாக இருக்க வேண்டியிருந்தது. அதுவரை அதே செயலியில் அவருக்கு யாருடைய கண்ணும் தேவைப்பட்டதில்லை.

இனி என் சொந்த நஷ்டம்.

குறிப்பு எழுதும் செயலி ஒன்றை ஏழு வருடம் பயன்படுத்தினேன். அது மூடப்படுகிறது, தொண்ணூறு நாள் அவகாசம் என்று அறிவித்த மின்னஞ்சல் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடந்தது. நான் பார்த்தபோது பதினொரு நாள் மிச்சம். பரவாயில்லை, எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்யும் வசதி கொடுத்திருந்தார்கள். அழுத்தினேன், ஒரு பெரிய கோப்பு இறங்கியது, நிம்மதியாகத் தூங்கினேன். செயலி மூடி ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் இருந்தன. தேதிகள் இல்லை. எல்லாக் குறிப்புகளும் நான் ஏற்றுமதி செய்த அந்த இரவின் தேதியையே காட்டின.

அவற்றில் அப்பாவின் கடைசி இரண்டு வருடக் குறிப்புகள் இருந்தன. இன்று ரத்த அழுத்தம் இவ்வளவு, இந்த மாத்திரை நிறுத்தம், ராத்திரி தூங்கவில்லை, காலையில் சிரித்தார். அப்பா இப்போது இல்லை. அந்த விவரங்களால் இனி யாருக்கும் மருத்துவப் பயனும் இல்லை. ஆனால் "காலையில் சிரித்தார்" என்ற வரி மாத்திரை மாற்றியதற்கு முன்பா பின்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாள்களில் எடுத்த படங்களின் தேதிகளை வைத்துப் பாதியைச் சரிசெய்தேன். மீதி அப்படியே ஒரு குவியலாகக் கிடக்கிறது.

அறிவிப்பு கொடுத்தார்கள், வெளியே எடுக்க வழியும் கொடுத்தார்கள். சட்டப்படிப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றுமதி செய்யும் பொத்தானும் அந்த அச்சிடும் பொத்தானைப் போல வரைபடத்தின் அடியில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு சில பழக்கங்கள் வந்தன. எந்தக் குறிப்பு எழுதினாலும் முதல் வரியில் தேதியைக் கையால் எழுதுகிறேன். செயலி தானாகப் போடும் தேதியை நம்புவதில்லை. அது செயலியுடையது, நான் எழுதியது என்னுடையது. முக்கியமானவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வைத்துக்கொள்கிறேன், எந்தக் கணினியிலும் திறக்கும். வருடத்துக்கு ஒருமுறை, என் பிறந்த நாளன்று, நான் பயன்படுத்தும் ஒவ்வொரு சேவையிலிருந்தும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அதை வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்கிறேன். இந்தக் கடைசிப் பாதிதான் முக்கியம். காப்பு நகல் எடுத்தேன் என்பதற்கும் அதைத் திறந்து பார்த்தேன் என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் நான் ஏழு வருடத்தைத் தொலைத்தேன். சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். மூடப் போகிறோம் என்று அறிவித்த பிறகு ஊரே அந்தக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

படங்களுக்கும் இது பொருந்தும். சில சேவைகளிலிருந்து மொத்தமாக இறக்கும்போது எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் படத்தோடு இல்லாமல் பக்கத்தில் தனிக் கோப்பாக வரும். படத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மற்றதைக் குப்பை என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இலவசம் பற்றியும் ஒரு வார்த்தை. கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள், ஒவ்வொருவருக்கும் இலவசமாகத் தந்த 15 ஜிபி சேமிப்பிடத்தின் கணக்கில் சேரும் என்று மாற்றியது. முன்பே ஏற்றியவற்றை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலர் அந்த அளவுக்குக்கூடக் கண்ணியமாக நடப்பதில்லை. ஆறு வருடத்தில் மக்களுக்குத் தங்கள் படங்களை வேறெங்கும் வைக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. இலவசத்தை நான் மறுப்பதில்லை. விருந்தினராகப் போயிருக்கிறோம் என்ற நினைப்போடு, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதே நிறுவனம் இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கலாம் என்று கொள்கையை மாற்றியது. இறந்தவர்களின் கணக்குகளில் படங்கள் இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் அப்பாவின் படங்களையெல்லாம் ஒரு வட்டில் இறக்கிவைத்தேன். உயிரோடு இருப்பவர்கள், தங்களுக்குப் பின் கணக்கை யார் பார்க்கலாம் என்று குறித்துவைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது. அம்மாவுடையதைச் செய்து கொடுத்தபோது அவர், "இதையெல்லாம் இன்றைக்கே செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது!

விலை கொடுத்து வாங்கியதும் முழுக்க நம்முடையது இல்லை. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்களையே திறக்க முடியாமல் போனது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூலின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகளுக்கும் ஏதோ ஒரு தொகை கொடுத்தார்கள். பாதி படித்த பக்கத்துக்கு எப்படி விலை போடுவது என்று தெரியவில்லை.

சில நேரம் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒன்றை ஒப்புக்கொண்டது: பேட்டரி பழையதான ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தது. காரணம் பொறியியல்படி நியாயமானதுதான். ஆனால் உடையவரிடம் சொல்லவில்லை. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கியவர்களுக்குப் பேட்டரியை மாற்றினாலே போதுமாக இருந்திருக்கும். பிறகு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்து, பேட்டரியின் நிலையைப் பார்க்கும் வசதியை 2018-இல் கொடுத்தார்கள். அன்றிலிருந்து யாராவது போன் மெதுவாகிவிட்டது என்றால் நான் முதலில் கேட்பது இரண்டு: பேட்டரியின் நிலை என்ன, சேமிப்பிடம் எவ்வளவு மிச்சம்? இந்த இரண்டு கேள்வியில் எங்கள் குடும்பத்தில் சில போன்கள் பிழைத்திருக்கின்றன.

அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவது பூட்டு உடைந்த கதவோடு தூங்குவது. போனின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட், வங்கிச் செயலி, உலாவி ஆகியவை அம்மாவின் போனில் உடனுக்குடன் நடக்கும். தினமும் பயன்படுத்தும் வேறு இரண்டு செயலிகளுக்கு மட்டும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் செயலிக் கடைக்குள் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போனால் தனித்தனியாக நிறுத்தலாம். நான் போகும் ஞாயிற்றுக்கிழமையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நானே புதுப்பிக்கிறேன். எது நகர்ந்தது என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். சர்வரிலிருந்து வரும் மாற்றங்களை இது தடுக்காது. பாதியைத் தடுக்கிறது, அது போதும்.

புகார் எழுதுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பழைய வேலைக்குத் துரோகம். "குப்பை செயலி, பழையபடி மாற்றுங்கள்" என்று ஒற்றை நட்சத்திரத்தோடு வருபவை எங்களிடம் 'பொதுவான அதிருப்தி' என்ற பெட்டிக்குள் விழும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. ஒரு கடிதத்தில் ஆறு குறை எழுதினால் முதல் குறைக்கு மட்டும் முத்திரை விழும். எனவே ஒரு குறைக்கு ஒரு கடிதம். என்ன போன், செயலியின் பதிப்பு எண் என்ன, எந்தத் திரையில் நின்றுபோகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வேலை நின்றுபோனது என்று எழுதுங்கள். "பொத்தானைக் காணவில்லை" என்பதைவிட "மனைவிக்கு மருந்து அட்டவணை அச்சிட முடியவில்லை" என்பது கூட்டத்தில் வாசிக்கப்படும். எங்கள் அச்சுப் பொத்தான் திரும்பி வந்ததற்கு எண்ணிக்கை காரணமில்லை. வெள்ளைத் திட்டு விழுந்த அந்தப் படம் காரணம். அதைத் திரையில் போட்டபோது சிரித்தவர் யாரும் இல்லை. முடிந்தால் மாற்றம் வந்த முதல் சில நாள்களிலேயே எழுதுங்கள். புதிய பதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் காலத்தில் நிறுத்திவைப்பது சுலபம். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு பின்வாங்குவது கௌரவப் பிரச்சினையாகிவிடும்.

சந்தாவை ரத்து செய்வதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கட்டுரை வேண்டும். சேருவதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஏழு திரை, ஒவ்வொன்றிலும் "நிச்சயமாகவா?" என்ற கேள்வி. நான் செய்வது, சேரும் அன்றே விலகும் வழியைக் கடைசித் திரை வரை நடந்து பார்த்துவிடுவது.

அம்மாவுக்கு வருகிறேன். அந்த மூன்று பொத்தான் விவகாரத்துக்குப் பிறகு அவர் பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. போன ஞாயிறு போனபோது மேசையில் ரப்பர் துகள்கள் கிடந்தன. வீடியோ கால் பக்கத்தில் கேமரா படம் இடதிலிருந்து வலதுக்கு நகர்ந்திருந்தது. பல தடவை அழித்ததில் அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டையாகிவிட்டதால், ஒரு துண்டுக் காகிதத்தை மேலே ஒட்டி அதில் வரைந்திருந்தார். பக்கத்தின் மூலையில் மாற்றிய தேதியும் இருந்தது.

"நீங்களே கண்டுபிடித்தீர்களா?" என்றேன்.

"சித்தியைக் கேட்டேன். அவளுக்கு இன்னும் இடது பக்கம்தான் இருக்கிறதாம். சரி, நமக்கு மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்." பிறகு நோட்டை மூடிக்கொண்டே, "அடுத்த தடவை இதை எங்கே வைப்பார்கள் என்று உங்கள் ஆபீசில் கேட்டுச் சொல்லேன். முன்னாலேயே தெரிந்தால் கொஞ்சம் இடம் விட்டு வரைவேன்," என்றார்.

அந்த வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. அந்தச் செயலிக்கும் எங்கள் ஆபீசுக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தம் இருந்ததில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.